ஒரு கோடியே பத்துக்குக் குறையாமல்

எங்கள் வீட்டுக்கு நான் கேட்ட விலை ஒரு கோடியே பதினைந்து லட்சம். அவ்வளவு பெறாது என்பது கேட்ட அன்றே எனக்குத் தெரியும். தெரியாமல் கூட்டிக் கேட்பவர்களை மன்னித்துவிடலாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் சங்கதி அப்படியல்ல. எவ்வளவு பெறும் என்று சொல்லும் காகிதம் என் பீரோவில், நீல ஃபைலில், நானே துளை போட்டுக் கோத்து வைத்தபடி இருந்தது.

புனேயில், ஔந்தில் இருக்கிறது எங்கள் கட்டடம். கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே நான்கு மாடி, மாடிக்கு நான்காகப் பதினாறு வீடுகள். லிஃப்ட் கிடையாது. நாங்கள் மூன்றாவது மாடி. ஐம்பத்து நான்கு படிகள். கோயமுத்தூரிலிருந்து வேலைக்கு வந்து, பத்து வருடம் வாடகை வீடுகளில் குடியிருந்து, இதை வாங்கியபோது எனக்கு முப்பத்தைந்து வயது. லிஃப்ட் இல்லாததை ஒரு குறையாகவே நான் நினைக்கவில்லை. காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏறியதை ஊருக்கு ஃபோன் போட்டுச் சொன்னவன் நான். சிலிண்டர் தூக்கிய எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் போனது என் மனைவிக்கு.

இரண்டு கால்களுமே தேய்ந்துவிட்டன. அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் சர்க்கரை முதலில் கட்டுக்குள் வரட்டும், அதுவரை படியேறுவதை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். மூன்றாவது மாடிக்காரியிடம் படியேறாதே என்றால், ஒன்று மேலேயே இருக்க வேண்டும், இல்லை கீழேயே இருக்க வேண்டும். அவள் மேலேயே இருந்தாள். தினமும் காலையில் காய்கறிக்காரப் பெண்களோடு மராத்தியில் சண்டை போட்டு, அந்தச் சண்டையிலேயே மராத்தி கற்றுக்கொண்டவள், பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி வெண்டைக்காய் வாங்க ஆரம்பித்தாள். இந்த ஊர்ப் பழைய கட்டடங்களில் அது சாதாரண வழக்கம்தான். கூடையில் காசு இறங்கும், காய் ஏறும். சண்டை போட முடியாது. மூன்று மாடி உயரத்திலிருந்து கத்தினால் பாதிதான் கேட்கும் என்று அவள் குறைபட்டுக்கொள்வாள். வாரத்துக்கு இரண்டு தடவை கீழே இறங்கியவள் ஒரு தடவை ஆனாள். பிறகு டாக்டரிடம் போகும் நாட்களில் மட்டும் இறங்கினாள்.

நான் முப்பத்தோரு வருடம் புனேக்கு வெளியே சாகணில், வண்டி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், ஆய்வுப் பிரிவில் இருந்தவன். செய்து வரும் பாகம் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புப் பெயிண்டை ஒரு இழுப்பு இழுத்துத் தனியே போட்டுவிடுவேன். ஷிஃப்ட் மேனேஜர் கெஞ்சியிருக்கிறார், மிரட்டியிருக்கிறார், ஒரு தடவை அவர் வீட்டு மாம்பழம்கூட வந்தது. மாம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு பாகத்தை ரிஜெக்ட் செய்தேன். இந்தக் கதையை இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். அதனாலேயே ஓய்வு பெற்றதும் கட்டடத்துக்காரர்கள் என்னை வீட்டுக்காரர் சங்கத்துக்கு, அதாவது சொசைட்டிக்கு, செக்ரட்டரி ஆக்கினார்கள். மதராசி சாஹேப் அளவு தப்பமாட்டார் என்று பெயர்.

செக்ரட்டரி ஆன பிறகு நடந்தது இது. எங்களுக்கு நேர் கீழே, இரண்டாவது மாடியில், ஒரு மராத்திப் பெரியவர் இருந்தார். கட்டடமே அவரைக் காகா என்று கூப்பிடும், சித்தப்பா முறை. அவர் வீட்டை விற்றுவிட்டு சதாரா பக்கம் தன் கிராமத்துக்குப் போனார். ஒரு கோடியே பத்து கேட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் இருந்தார். கடைசியில் எண்பத்தெட்டு லட்சத்துக்குக் கொடுத்தார். இங்கே வீட்டைப் பதிவு செய்தால், யாரிடமிருந்து யாருக்கு, என்ன விலைக்குக் கைமாறியது என்று சொல்லும் ஒற்றைத் தாள் ஒன்று வரும். இண்டெக்ஸ் டூ என்பார்கள். சொசைட்டியில் பெயர் மாற்ற அதன் நகலைச் செக்ரட்டரியிடம் கொடுக்க வேண்டும். காகா கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்த கையை எடுக்காமல் தாளின் மேலேயே வைத்துக்கொண்டு இந்தியில் சொன்னார்.

"சாஹேப், இதுதான் வந்தது. முழுக்க பேங்க் லோன். ஒரு ரூபாய் வெளியில் வாங்கவில்லை. ஆனால் என் சம்பந்தியிடம் ஒரு கோடியே பத்து என்று சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்."

சரி என்றேன். ஒரு மனிதனின் மானம். நமக்கென்ன போகிறது என்றுதான் நினைத்தேன். வாங்கியவர் மும்பைக்காரர், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அந்தப் பக்கமே வரவில்லை. ஆகவே கட்டடத்தில் உண்மை தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த சொசைட்டிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகள், வடாபாவ், சாய். காகா எவ்வளவுக்கு விற்றார் என்று யாரோ கேட்டார்கள். ஒரு கோடியே பத்து என்றேன். வந்திருந்த அத்தனை பேரின் முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் டாங்கி பழுது, பார்க்கிங் தகராறு, ரீடெவலப்மென்ட் வருமா வராதா என்று எதைப் பேசினாலும் அடித்துக்கொள்ளும் கூட்டம் அது. எனக்கு அந்த மலர்ச்சி பிடித்துவிட்டது. நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். இனி நம் கட்டடத்தில் யார் விற்றாலும் ஒரு கோடியே பத்துக்குக் குறைத்துக் கேட்கக்கூடாது. ஒருவர் குறைத்தால் எல்லோருடைய ரேட்டும் கெட்டுவிடும். கை தட்டினார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அதிகமாகக் கை தட்டியது நான்காவது மாடியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. மீரஜில் இருக்கும் தங்கையோடு போய்விட வேண்டும் என்று வீட்டை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். எழுபத்திரண்டு படி ஏறுகிறவர்.

பதிவான விலையை யார் வேண்டுமானாலும் கணினியில் தேடிப் பார்க்கலாம். எங்கள் கட்டடத்தில் யாரும் தேடவில்லை. கெட்ட செய்தியைத்தான் நான்கு இடத்தில் விசாரிப்போம். நல்ல செய்தியை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் நானும் அந்த எண்ணைப் பலரிடம் பலமுறை சொன்னேன். கடைக்காரரிடம் சொன்னேன், வங்கியில் சொன்னேன், ஊரிலிருந்து வந்த மைத்துனனிடம் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் நானும் இருபத்திரண்டு லட்சம் பணக்காரனாக உணர்ந்தேன் என்பதை ஒளிப்பானேன். என் மனைவியிடமும் ஒரு கோடியே பத்து என்றுதான் சொல்லியிருந்தேன். அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நர்ஸ் அம்மா காதுக்குப் போய்விடும் என்று பயந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அடுத்த தெருவில் ஒரு தரைத்தள வீடு விற்பனைக்கு வந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, நாசிக்கில் இருக்கும் மகனிடம் போகிறார். வாசலில் இரண்டே படி. பின்னால் கறிவேப்பிலைச் செடி வைக்கிற அளவுக்கு மண். காய்கறிக்காரப் பெண்கள் அந்த வாசலில்தான் கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். டீச்சர் சொன்ன விலை தொண்ணூறு. அதற்கு மேலும் கேட்கமாட்டேன், கீழும் வரமாட்டேன் என்றார். என் மனைவி மேல் அவருக்குப் பிரியம். "நான் தசரா வரைக்கும் உனக்காகக் காத்திருக்கிறேன். உன் வீட்டை விற்றுவிட்டு வா," என்று அவளிடம் மராத்தியில் சொன்னார். மராத்தி வருடப் பிறப்பான பாட்வா முடிந்து ஒரு வாரம் இருக்கும் அப்போது. தசராவுக்கு ஆறு மாதம் இருந்தது.

அந்த வாரமே நான் தரகரைக் கூப்பிட்டேன். விலை கேட்டார். என் சட்டப்படி ஒரு கோடியே பத்து, பேரத்துக்கு மேலே ஐந்து என்றேன். முப்பது வயதிருக்கும் அவருக்கு, இந்தியில் மரியாதையாகப் பேசுபவர். என் மனைவி டீ போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அங்கிள், கீழ் ஃபிளாட் எவ்வளவுக்குப் போச்சுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இந்த ரேட் யாருக்காக?"

நான் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வீட்டைப் படம் எடுக்க ஆரம்பித்தார். பால்கனியை எடுக்கும்போது கயிறும் கூடையும் படத்தில் விழாமல் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

அந்த வருடம் சந்தை எப்படி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மெட்ரோ வந்தால் ஔந்த் பறக்கும் என்றார் ஒருவர். ஹிஞ்ஜவடியில் ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகின்றன, வாங்க ஆளிருக்காது என்றார் இன்னொருவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீச்சல் குளத்தோடு எழும்பும் கோபுரங்களைப் பார்த்துவிட்டு எங்கள் கட்டடத்துக்கு வருகிறவர்கள் முதல் மாடியிலேயே மூச்சு வாங்கி நின்றார்கள். சந்தை நிச்சயமில்லாமல் இருந்தால் விற்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தன் விலை தப்பு என்று ஒப்புக்கொள்ளவே வேண்டாம். காலம் சரியில்லை என்று சொல்லிவிடலாம். நானும் சொன்னேன்.

இதற்கு மேல் பஞ்சாங்கம். வீடு பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள். ஆடி பிறந்ததும் நின்றுவிட்டார்கள். மராத்திக்காரர்களுக்கு ஆடி பற்றிக் கவலையில்லை, ஆனால் கணபதி விசர்ஜனம் முடிந்ததும் வரும் பித்ரு பட்சம் பதினைந்து நாளும் ஒரு ஆணிகூட வாங்கமாட்டார்கள். நம் மஹாளய பட்சம்தான் அது. இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில் எங்களுக்கு மிஞ்சியது ஆவணி மட்டும்.

ஆவணியில் ஒரு சின்ன ஜோடி வந்தது. சென்னைப் பிள்ளைகள், இருவருக்கும் ஐ.டி. வேலை. அந்தப் பெண் மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறி வந்து, பால்கனிக்குப் போய் கூடையைப் பார்த்துச் சிரித்தாள். சமையலறையில் மேடையைத் தடவிப் பார்த்தாள். வீட்டை அவள் வாங்கிவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இனி விலைதான் பாக்கி. என் மனைவி தேங்காய் பர்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள். அந்தப் பையன் ஒரு பர்பித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த பில்டிங்ல கடைசியா ரிஜிஸ்டர் ஆனது எண்பத்தெட்டுன்னு ப்ரோக்கர் சொன்னாரு. எங்களுக்கு வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. நாங்க தொண்ணூத்தி மூணு தர்றோம்."

தொண்ணூற்று மூன்று வந்தால் டீச்சருக்குத் தொண்ணூறு கொடுக்கலாம். பத்திரச் செலவுக்குச் சேமிப்பில் கொஞ்சம் கை வைத்தால் போதும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "எண்பத்தெட்டா? எங்க பில்டிங்லயா? ஏனுங்க, இந்தத் தம்பி சொல்றதக் கேட்டீங்களா? நீங்கதானுங்களே செக்ரட்டரி, சொல்லுங்க."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். நான் சொன்னது இது: "பேப்பர்ல போடறது ஒண்ணு, கையில வாங்கறது ஒண்ணுங்க தம்பி. ஊரு நடப்பு உங்களுக்குத் தெரியாததுங்களா?"

ஒரு ரூபாய் வெளியில் வாங்காத மனிதரைக் கறுப்புப் பணக்காரர் ஆக்கினேன். சொல்லி முடித்ததும் அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மாம்பழத்தைத் தின்றுவிட்டு பாகத்தைத் திருப்பி அனுப்பிய ஆள் எங்கே போனான் என்று தெரியவில்லை.

என் மனைவிக்கு என் வார்த்தை போதுமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளிடம் அவளே பேசினாள். "பாரு கண்ணு, கீழ்வீட்டுக்காரரு நூத்திப்பத்துக்கு வித்துட்டுப் போனாரு. இவரு முப்பது வருசம் கம்பெனி பஸ்ஸுல சாகணுக்குப் போயிப் போயி வாங்கின வீடு. என்ற காலு வலிக்குதுன்னு இதக் கொறைச்சுக் குடுக்கறதுக்கு எனக்கு மனசு வரலீங்க. நெம்ப நல்ல புள்ளைங்களா இருக்கறீங்க. இன்னுங் கொஞ்சம் ரோசனை பண்ணிட்டு வாங்க."

"எங்க பட்ஜெட் அவ்வளவுதான் ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண். மிச்சமிருந்த பர்பியை என் மனைவி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் இறங்கிப் போகும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "நான் பேசினது சரிதானுங்களே?" என்று கேட்டாள்.

"சரிதாம்மா," என்றேன்.

அன்று மாலை தரகர் ஃபோன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வரை அவர்கள் பொறுப்பார்கள், பித்ரு பட்சம் தொடங்குவதற்குள் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். பார்க்கலாம் என்றேன். எனக்கு நான்கு நாட்கள் இருந்தன. அந்த நான்கு நாட்களும் தெருவில் கணபதி மேளம். நானும் ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். தொண்ணூற்று மூன்றுக்குக் கொடுத்தால் பதிவுத் தாளில் ஏறிவிடும். ரேட்டைக் கெடுத்தது செக்ரட்டரிதான் என்று பதினைந்து வீடும் பேசும். இரண்டு வருடமாக வந்த ஆட்களையெல்லாம் என் பேச்சைக் கேட்டுத் திருப்பி அனுப்பிய நர்ஸ் அம்மா படியில் எதிரே வருவார். அந்த முகத்துக்குப் பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது. என் மனைவியின் முழங்காலுக்கு நான் பயந்திருக்க வேண்டும். அதற்குப் பயப்படவில்லை, அது வீட்டுக்குள்ளேயே இருந்தது, ஒன்றும் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை போனது. பதினைந்து நாள் யாரும் வரவில்லை. நவராத்திரி தொடங்கியதும் நானே தரகரைக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் உள்ள கோபுரத்தில் பதினோராவது மாடியில் வாங்கிவிட்டார்கள் என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. அவருக்கு இதெல்லாம் தினப்படி.

தசரா அன்று காலையில் டீச்சர் எங்கள் வீட்டுக்கே ஏறி வந்தார். அன்றைக்கு ஆப்டா இலையைப் பொன் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பது இந்த ஊர் வழக்கம். என் மனைவியின் கையில் இலையை வைத்து, அந்தக் கையை மூடி, தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வேறு ஆள் டோக்கன் கொடுத்துவிட்டார். நான் சொன்ன நாள் வரைக்கும் இருந்தேன்," என்றார். "அதுக்கென்னங்க, நீங்க என்ன பண்ணுவீங்க," என்று என் மனைவி தமிழில் சொல்லிவிட்டு, பிறகு மராத்தியில் சொன்னாள். அவர் போன பிறகு இலையை சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். கறிவேப்பிலைச் செடிக்காக வாங்கி வைத்திருந்த மண் தொட்டியைக் காய்கறித் தோல் போடுவதற்கு எடுத்துக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கொடுத்து வைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள்.

தீபாவளிக்கு காகா வந்தார். ஃபராள் டப்பா, அதாவது தீபாவளிப் பலகாரம், கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். கிராமத்தில் இருந்து உடம்பு தேறி, கறுத்து, நன்றாக இருந்தார். என் மனைவி முறுக்குத் தட்டை வைத்தாள். வீடு இன்னும் விற்கவில்லையா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, நாங்கள் இருவரும் இந்தியில் பேசுவது அவளுக்கும் புரியும் என்பதால் அவளைப் பார்த்தே சொன்னார்.

"சாஹேப்பைப் போல மனிதர் கிடையாது. எண்பத்தெட்டுக்குத்தான் விற்றேன், மொத்தமும் செக். என் மானத்தை மூன்று வருடம் காப்பாற்றிக் கொடுத்தார். இனி யாருக்குத் தெரிந்தால் என்ன? சம்பந்தியிடம் நானே சொல்லிவிட்டேன். சிரித்தான்!"

கட்டின மனைவியிடம் சொல்லாமல் இருப்பான் ஒருவன் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுவது என்பார்களே, விழுந்தவன் மேலே பார்த்தால் எப்படியிருக்கும் என்று அப்போது தெரிந்தது. என் மனைவி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இன்னும் இரண்டு முறுக்கு வைத்தாள். அவர் மனைவியின் உடம்பைப் பற்றி விசாரித்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். பிறகு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பசங்க வந்தன்னைக்கு உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

"தெரியும். பதிவான காயிதம் பீரோவுலதான் இருக்குது."

"நாலாவது மாடி அம்மாளுக்கு?"

"தெரியாது."

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அன்று முழுவதும் வீட்டு வேலையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி பேப்பர் படித்தேன்.

மறுநாள் காலை, டாக்டரிடம் போகும் நாள் அல்ல, அவள் புடவை மாற்றிக்கொண்டு கைத்தடியை எடுத்தாள். எங்கே என்றேன். கீழே என்றாள். கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். ஒரு கையில் தடி, ஒரு கையில் கைப்பிடி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். நான் கதவருகே நின்று தடியின் சத்தத்தை எண்ணினேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கேட் பக்கத்து பெஞ்சில் நர்ஸ் அம்மா வெயிலில் உட்கார்ந்திருந்தார். தினமும் அந்த நேரத்தில் அவர் அங்கேதான் இருப்பார், எழுபத்திரண்டு படி ஏறுவதற்கு முன்னால் ஒரு மூச்சு. என் மனைவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தக் காயிதத்தக் கூடையில வெச்சு எறக்குங்க. எனக்குக் கையில எடுத்துட்டு வர முடியலீங்க."

மூன்று மாடி உயரத்தில் பாதிதான் கேட்கும் என்று அவள் சொல்வாளே, எனக்கு முழுதும் கேட்டது. பீரோவைத் திறந்தேன். நீல ஃபைலிலிருந்து தாளைக் கழற்றினேன். காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு உருளைக்கிழங்கை வைத்தேன். கயிற்றை விட்டேன். கூடை காகாவின் பழைய பால்கனியைத் தாண்டி, முதல் மாடியைத் தாண்டி, சுற்றிக்கொண்டே இறங்கியது. அந்தக் கயிற்றை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. அது கையை அறுக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நர்ஸ் அம்மா உருளைக்கிழங்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், மறுபடியும் முன்பக்கம் படித்தார். என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியின் கையின் மேல் தன் கையை வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. பதினைந்து வீட்டுக்கும் நான் பயந்த அந்த நாள், ஒரு சத்தமும் இல்லாமல் அப்படித்தான் வந்து போனது. மதியத்துக்குள் கட்டடம் முழுவதும் தெரிந்துவிட்டது. சாயந்திரமே செக்ரட்டரி சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அதற்கு முன்னால் அவள் மேலே வரவேண்டியிருந்தது. நான் இறங்கிப் போனேன். கையை நீட்டினேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு படி பின்னால், விழுந்தால் பிடித்துக்கொள்ளத் தயாராக, வெறுங்கையோடு ஏறினேன். முதல் மாடியில் நின்றாள். வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது மாடியில், காகாவின் பழைய கதவுக்கு முன்னால், சுவரில் சாய்ந்து ரொம்ப நேரம் நின்றாள். உள்ளே குடியிருப்பவர்கள் டி.வி. வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க," என்றாள். குரலில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. "தொண்ணூத்தி மூணு குடுக்கறேன்னாங்களே அந்தப் புள்ளைங்க. வேண்டாம்னு சொன்னது நானுங்களே. என்ற வாயாலயே சொல்ல வெச்சுட்டீங்களே."

அவள் தடியை எடுத்து ஊன்றிக்கொண்டாள். மேலே இன்னும் பதினெட்டுப் படி இருந்தது.